செலானியின் கோழிக்கொட்டகைக் கதவு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எர்மான்சியா நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். கோயிலுக்குப் போட்ட வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அக்கா புருஷன் ஒக்சீலியனின் இரும்புத் தகடு வெட்டும் பட்டறைக்கு வருவாள். வாசலில் கிடக்கும் டிரம் மூடி மேல் உட்கார்ந்து அவனை நாலு வார்த்தை கேட்டால்தான் அவளுக்கு அந்த வாரம் செரிக்கும். மாம்பழக் காலத்தில் அக்கா செலானி செத்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

"அத்தான், காப்பி இருக்கா?"

"இருக்கு. நீயே ஊத்திக்க."

"ஊத்திக்கிறேன். சிலுவை இருக்கா?"

ஒக்சீலியன் கையில் ஏதோ வேலை இருப்பதுபோல உளியை எடுத்துத் துடைத்தான்.

"இந்த ஊர்ல யார் செத்தாலும் உங்க சிலுவைதான். ரொட்டிக்காரி அம்மாவுக்கு வெட்டிக் குடுத்தீங்க. கோழி திருடப் போயி மரத்துலேர்ந்து விழுந்து செத்தானே, அவனுக்குக்கூட ரெண்டு புறா வச்சு, பூ வச்சு, ஜோரா வெட்டிக் குடுத்தீங்க. எங்கக்கா தலைமாட்டுல மட்டும் ரெண்டு குச்சி. அதுவும் மழையில சாஞ்சு கெடக்கு."

"தகடு இல்ல எர்மான்சியா. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? கல்லறைத் திருநாள் வருது. அவளுக்கு இதான் முதல் திருநாள். செத்தவங்க எல்லாம் எழுந்து அவங்கவங்க சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இவ எழுந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, நமக்கு யாரும் இல்லபோலன்னு மறுபடி போய்ப் படுத்துக்குவா."

சொல்லிவிட்டு அவள் மோவாயால் கொல்லைப்பக்கம் காட்டினாள்.

"தகடு இல்லயாம். அதோ நிக்குதே, அது என்ன? கோழியெல்லாம் சாவுக்கு வந்தவங்களுக்கே அடிச்சுப் போட்டாச்சு. வெறுங் கொட்டகைக்கு எதுக்குக் கதவு?"

ஒக்சீலியன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, அந்தக் கதவு எங்கே நிற்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று அவனுக்கு மனப்பாடம். ஆளுயரத் தகடு. நடுவில் ஒரு கடற்கன்னியின் உருவத்தில் பெரிய ஓட்டை. கோழி வெளியே வராமலும் கீரி உள்ளே போகாமலும் இருக்க உள்பக்கம் கம்பி வலை. செலானி போன பிறகு தினமும் சாயங்காலம் அவன் கொல்லையில் நாற்காலி போட்டு அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இது எர்மான்சியாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவாள்.

அந்த ஓட்டை செலானியுடையது. பேச்சுக்குச் சொல்வதில்லை, அளவெடுத்துச் சொல்வது. அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எண்ணெய் டிரம்மின் இரண்டு பக்க மூடியையும் வெட்டி எடுத்து, உள்ளே காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்துக் கொளுத்தி, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எரிந்ததும் பக்கவாட்டில் ஒரு கீறல் கீறுவார்கள். பிறகு ஒருவர் உள்ளே புகுந்து முதுகாலும் காலாலும் தள்ள, இன்னொருவர் வெளியே நின்று இழுக்க, டிரம் மெல்ல மெல்ல விரிந்து தகடாகும். ஒக்சீலியனுக்கு உள்ளே புகுந்து தள்ளுகிற ஆள் செலானிதான். அன்றைக்கும் தள்ளி முடித்தாள். களைப்பாக இருந்ததோ, கொழுப்பாக இருந்ததோ, தகடு விரிந்ததும் எழுந்து வராமல் அதிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"எந்திரி, தட்டணும்."

"மாட்டேன். என்னை வரை."

"என்னத்தை?"

"கடற்கன்னி கடற்கன்னின்னு வெட்டித் தள்ளுறியே, ஒருத்தியையாச்சும் நேர்ல பாத்திருக்கியா? எல்லாம் மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கு. இப்ப பாத்து வரை."

அவன் சாக்பீஸை எடுத்து அவள் தலையிலிருந்து சுற்றி வரைய ஆரம்பித்தான். கைகளை விரித்தாள், தகட்டின் அகலம் போதவில்லை. மடக்கச் சொன்னான். அவள் முழங்கையை மடக்கி உள்ளங்கைகளை மேலே தூக்கி, அப்போதிருந்த பங்குச் சாமியாரைப்போல மூக்கால் இழுத்து, "மன்றாடுவோமாக!" என்றாள். சாமியாருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். சின்னப் பெண் எர்மான்சியா, அம்மா வருகிறாளா என்று பார்க்க வேலி மேல் உட்கார்ந்திருந்தவள், சிரிப்பில் தவறி வெளிப்பக்கம் விழுந்தாள். இடுப்பருகே சாக்பீஸ் வந்தபோது செலானிக்குக் கூச்சம் தாங்காமல் உடம்பு துள்ளியது. அதனால் இடது இடுப்பில் கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது. கடற்கன்னிக்கு ஒரு பக்க இடுப்பு சற்றுப் பெரிது. ஒக்சீலியன் அதைத் திருத்தவில்லை. கணுக்காலுக்குக் கீழே மட்டும் தன் இஷ்டத்துக்கு வாலை இழுத்து விட்டான்.

அப்படி ஒரு கடற்கன்னியை அதற்கு முன்னும் பின்னும் அவன் வெட்டியதில்லை. அதுதான் வினை. தலைநகரிலிருந்து வந்த கடைக்காரர் மற்ற எதையும் தொடவில்லை, அதை மட்டும் கேட்டார். செலானி ஆற்றங்கரைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். விற்கக் கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இருந்தாலும் அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் தலைகால் புரியாமல், தானே தூக்கிப் போய் வண்டியில் ஏற்றி, கயிறும் கட்டிக் கொடுத்துவிட்டான். மடையன். இதை அவனே பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

ஈரத்துணிக் கூடையோடு திரும்பி வந்தவள் கடற்கன்னி மாட்டியிருந்த சுவர் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, சாமானை உடைக்கவில்லை. வார்னிஷ் பூசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். அவன் வெட்டிப் போடும் சேவல், சூரியன், உயிர்மரம் எல்லாவற்றையும் மணல் தேய்த்து வார்னிஷ் பூசி முடிப்பது அவள் வேலை. அதை அவள் செய்யாமல் விட, நொவாய் ஊரின் ஈரக் காற்றில் அத்தனையும் துருப்பிடித்துச் சிவந்தன. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போனார்கள். பக்கத்துப் பட்டறை தொர்வில் என்பவனுடையது.

தொர்விலோடு அந்தச் சமயத்தில் ஒரு சண்டையும் வந்தது. பட்டறைக்காரன் ஒவ்வொருவனிடமும் தன் பேரை வெட்டுவதற்கென்றே ஒரு குட்டி உளி உண்டு. வேறெதற்கும் அதை எடுக்கமாட்டான். ஒரு காலை ஒக்சீலியன் பார்த்தால் அந்த உளியின் முனை மழுங்கிப் பல்லுப்பல்லாகக் கிடக்கிறது. தொர்வில்தான் எடுத்துக் கெடுத்தான் என்று தெருவில் நின்று கத்தினான். தொர்வில் கோயில் பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்தான். அடுத்த ஈஸ்டர் வரை இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பின்னால் சமாதானமாகி நன்றாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் தொர்வில் சாகும் படுக்கையில்கூட, "உன் உளியை நான் தொடலடா, பாவி" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

செலானியின் கோபம் எப்படித் தீர்ந்தது என்று ஒக்சீலியனுக்குச் சரியாகத் தெரியாது. கடற்கன்னியை வெட்டி எடுத்த மிச்சத் தகடு பட்டறை மூலையில் கிடந்தது. அதில் பட்டாம்பூச்சி வெட்டலாம் என்று வைத்திருந்தான். ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அது கோழிக்கொட்டகையில் கதவாக நின்றது. கீல், கம்பி வலை எல்லாம் அவளே மாட்டியிருந்தாள்.

"உடம்பைத்தானே வித்தே? இது என்னோடது. தொட்டே, கை இருக்காது" என்றாள்.

அன்று மாலையே வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள். அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கடல் தாண்டி அனுப்பிவைத்தார்கள். செலானி பருத்தாள். சில நாள் முட்டை எடுக்கப் போகும்போது அந்த ஓட்டை முன்னால் நின்று இடுப்பை அளந்து பார்த்து, "இவ எவடி, சோறு கண்டிராத சிறுக்கி" என்று திட்டிவிட்டு உள்ளே போவாள். ஒக்சீலியன் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை. அங்கே வழிவழியாக இருந்த சேவல்களுக்கு எல்லாம் அவனைக் கண்டால் ஆகாது.

எண்ணெய்க் கப்பல் வராமல் போன வருஷம் இது. கப்பல் இல்லாவிட்டால் டிரம் இல்லை. ஊரில் மிஞ்சியிருந்த டிரம்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், கேட்டால் பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். காலை தொடங்கிப் பொழுது அடைகிற வரை சுத்தியல் சத்தத்தில் பேச்சே கேட்காத நொவாயில் இப்போது சேவல் கூவினால் கேட்டது. மூடியை வெட்டினார்கள், கார் கதவை வெட்டினார்கள். தொர்வில் மகன் வீஸ்னெல் மாமனார் வீட்டுச் சுவரில் துருவேறிக் கிடந்த ஒரு பழைய தகட்டை எடுத்து வெட்டிவிட்டான். பாதி வெட்டிய பிறகு துருவுக்கு அடியில் ஒரு பேர் தெரிந்தது. செத்துப்போன யாரோ ஒரு பட்டறைக்காரனின் பேர்.

பேர் வெட்டிய இரும்பில் இன்னொருவன் உளி வைப்பதில்லை, வெட்டியவனும் வைப்பதில்லை. துருப்பிடித்து உதிர்ந்தால் உதிரட்டும், வேலை முடிந்தது என்று ஒருவன் சொன்னதை மற்றவன் முடியவில்லை என்று சொல்லக் கூடாது. வீஸ்னெல் பேர் இருந்த துண்டைத் தன் வாசலுக்கு மேலே அறைந்து வைத்து, தெரு முழுக்கப் போய் மன்னிப்புக் கேட்டான். நாற்பது வயது மனுஷன், நாலு பிள்ளைக்குத் தகப்பன். அவனை முதலில் மன்னித்தது ஒக்சீலியன்தான்.

கார் கதவில் சிலுவை வெட்டித் தருகிறேன் என்று வீஸ்னெல் சொல்லிப் பார்த்தான். "அவளுக்கா? கார்த் தகட்டுல வார்னிஷ் நிக்காதுன்னு குழிக்குள்ளேர்ந்தே சொல்லுவா" என்றான் ஒக்சீலியன். ஆக, கொல்லையில் நின்ற கதவு ஒன்றுதான் பாக்கி. அவளுக்குச் சிலுவை வேண்டுமென்றால் அவளுடைய உருவத்தை வெட்ட வேண்டும். இளவயதுச் செலானிக்கு ஒரு போட்டோகூட இல்லை. அடையாள அட்டையில் இருப்பவள் பல்வலி வந்த கிழவி. அந்தச் சிரிப்பும் துள்ளலும் இருப்பது அந்த ஓட்டையில்தான், அந்த இடது இடுப்பில்தான். ஒரு சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவின் முன்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தான். எப்போதாவது விளையாட்டாகத் தன் பேரை அதில் வெட்டியிருக்கமாட்டோமா என்று ஒரு நப்பாசை. இருந்தால் வெட்ட முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பேர் இல்லை. கழிவுத் தகட்டுக்கு யார் பேர் வெட்டுவார்கள்?

திருநாளுக்கு முந்தின வாரம் வீஸ்னெலைக் கூப்பிட்டான்.

"கழட்டுடா."

"அண்ணே, நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா கழட்டமாட்டேன். அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

கீலைக் கழற்றி, வலையைப் பிய்த்து, தகட்டைக் கொல்லையில் கல் மேல் கிடத்தினார்கள். ஒக்சீலியன் குந்தி உட்கார்ந்து கோடு போடப் பார்த்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் சிலுவையின் கை அவள் தோள் வழியாகத்தான் போனது. சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. மழையில் நனைந்து நனைந்து சொறிபிடித்த பக்கம், கோடு நிற்கவில்லை.

"திருப்பிப் போடு. உள்பக்கம் வழவழன்னு இருக்கும்."

திருப்பினார்கள். இத்தனை வருஷக் கோழி எச்சம் கீழ்ப்பாதியில் காரைபோல் கெட்டியாக இருந்தது. வீஸ்னெல் முகத்தைச் சுளித்தான். ஒக்சீலியன் புளிப்பு ஆரஞ்சைப் பிழிந்து, மணலைப் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்தான். வலது மூலைக்கு வந்தபோது மட்டை எதிலோ தட்டியது. கட்டைவிரலால் தடவினான். விரல் நின்றுவிட்டது. இரும்பில் பள்ளம் எது, துரு எது என்று அந்த விரலுக்குத் தெரியாதா?

"தண்ணி ஊத்துடா."

வீஸ்னெல் ஊற்றினான். எழுத்துகள் தெரிந்தன. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு கோட்டிலும் அடி விழாத இடத்தில் மறுபடி அடித்து, தவறி, மறுபடி அடித்திருந்தது. ஓரிடத்தில் உளி வழுக்கி நீளமாக ஒரு கீறல்.

"செ... லா... னி" என்று வீஸ்னெல் படித்தான். "அண்ணே! அண்ணி பேரு!"

செலானி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வார்னிஷ் பூசும்போது அவன் பேர் மேல் தூரிகை ஓட்டி ஓட்டி எழுத்துப் பழகியவள். பட்டறைக்காரர்கள் எல்லாம் எங்கே பேர் வெட்டுவார்களோ, அதே வலது கீழ் மூலையில் வெட்டியிருந்தாள்.

வீஸ்னெல் ஏதோ கணக்குப் போடுகிறவன்போல வானத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, அப்ப அந்தக் குட்டி உளி?"

ஒக்சீலியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் சொன்னாரேண்ணே! தெருவுல நிக்கவச்சுத் திட்டினீங்களே! அண்ணி சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க!"

"அன்னைக்கு எனக்கு வெந்நீர் வச்சுக் குடுத்தாடா. தொண்டை கட்டிக்கும், மெதுவாக் கத்துன்னா."

வீஸ்னெல் சிரிக்க ஆரம்பித்தான். ஒக்சீலியனும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, தரையில் கையூன்றிச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை. சாவன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து வைத்து அழுதான். வீஸ்னெல் எழுந்துபோய் வேலி ஓரமாக முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒக்சீலியன் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னான்: "சாக்பீஸை உள்ள வை. வார்னிஷ் டப்பாவை எடுத்துட்டு வா."

வார்னிஷ் அவனேதான் பூசினான். வாழ்க்கையில் முதல் தடவை. அங்கங்கே வழிந்து திட்டுத்திட்டாக நின்றது. செலானி பார்த்திருந்தால் தூரிகையைப் பிடுங்கியிருப்பாள்.

கல்லறைத் திருநாளன்று காலையில் தகட்டை இரண்டு பேரும் தலையில் சுமந்து போனார்கள். சாய்ந்து கிடந்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டுத் தலைமாட்டில் சிமெண்டு போட்டு நிறுத்தினார்கள், பேர் இருக்கும் பக்கம் வழியைப் பார்த்து. ஊர் வரத் தொடங்கியது. சுண்ணாம்பு வாளி, மெழுகுவர்த்தி, மிளகாய் ஊறப்போட்ட சாராயம், பாட்டு, பழைய சண்டை, எல்லாம் வந்தது. எர்மான்சியா ஒரு கையில் காப்பிக் கெண்டியும் மறுகையில் மரவள்ளி ரொட்டியுமாக வந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தான் இது? கோழிக்கொட்டகைக் கதவையா கொண்டாந்து நட்டிருக்கீங்க?"

"ஆமா."

"சிலுவை கேட்டா கதவு! ஊரே பாக்குது! இதுல உங்க பேரையாச்சும் வெட்டினீங்களா? ஊர்ச் சிலுவையில எல்லாம் உங்க பேரு இருக்கு. எங்கக்காளுதுக்கு வெட்ட மட்டும் வெக்கமா இருக்கா?"

"நான் எப்படி வெட்டுறது எர்மான்சியா? வேலை செஞ்சவ வெட்டிட்டா."

அவள் கையைப் பிடித்து மூலைக்குக் கொண்டுபோய் வைத்தான். எர்மான்சியா கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் விட்டுப் பார்த்தாள். வழுக்கிய கீறலில் விரல் போய் நின்றது.

நிமிர்ந்தபோது அவள் முகத்துக்கு நேரே அக்காவின் ஓட்டை இருந்தது, அதற்குள் அந்தப் பக்கத்து வானம். மடக்கிய முழங்கை, மேலே தூக்கிய உள்ளங்கை, துள்ளிய இடுப்பு. வேலியிலிருந்து தவறி விழுந்த நாள் எர்மான்சியாவுக்கு ஞாபகம் வந்தது. கோயில் தொப்பி சரிய, கண்ணில் தண்ணீர் வழிய, அவளும் முழங்கையை மடக்கிக் கைகளைத் தூக்கினாள். ஜலதோஷக்காரச் சாமியாரைப்போலவே மூக்கால் இழுத்தாள்.

"மன்றாடுவோமாக!"

சுற்றியிருந்த கல்லறைகளில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், என்ன ஏதென்று தெரியாமலே, வேலையை நிறுத்திவிட்டு "ஆமென்" என்றார்கள்.